தூக்கிப் போடும் முன் ஒரு நிமிடம்: தண்ணீர் துப்பாக்கியின் பழுதும் பராமரிப்பும்

(கோடை விடுமுறைக்கு முன் நம் கிளப் ஹவுஸில் நடந்த மாதக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)

 

நிகழ்ச்சி நிரலில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் சம்ப் சுத்தம் செய்வதற்கும் நடுவே ‘தண்ணீர் துப்பாக்கி’ என்று பார்த்துவிட்டுப் பல பேர் சிரித்தீர்கள். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் கோடை விடுமுறை முடிகிற வாரத்தில் நம் குப்பை பிரிக்கும் அறையை ஒரு முறை எட்டிப் பாருங்கள். பச்சை, ஆரஞ்சு, நீலம் என்று தண்ணீர் துப்பாக்கிகள் குவிந்து கிடக்கும். அவற்றில் உடைந்தவை கொஞ்சம்தான். மற்றவை ‘வேலை செய்யவில்லை’ என்று போட்டவை. அந்த ‘வேலை செய்யவில்லை’க்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது காய்ந்துபோன ஒரு ரப்பர் வளையம், அல்லது வால்வில் சிக்கிய ஒரு மணல் துகள். அதற்காக ஒரு முழு பொம்மை குப்பைக்குப் போகிறது. கூடவே பிள்ளைக்கு ஒரு பாடமும் போய்ச் சேருகிறது: ஓடாததைத் தூக்கிப் போடு, புதிது வரும்.

நான் சொல்ல வந்தது இரண்டு விஷயம். ஒன்று, எங்கே பழுது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். இரண்டு, கண்டுபிடித்த பிறகு எதைச் சரி செய்யலாம், எதைச் சரி செய்யவே கூடாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கூடவே, அதில் எந்தக் குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறோம் என்பதும் இருக்கிறது. அந்த இடம் வரும்போது சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கையின் பலத்தைச் சேமித்து வைத்தவர்

தண்ணீரைப் பீய்ச்சி விளையாடுவது நமக்குப் புதிதில்லை. வையை ஆற்றில் நீராடுவதைப் பாடும் பரிபாடலிலேயே ‘சிவிறி’ என்ற பீய்ச்சும் கருவி வருகிறது. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மீது தண்ணீர் பீய்ச்சுகிற பக்தர்கள், தோல் பையில் சிறு குழாயைப் பொருத்திக் கையால் அமுக்கிப் பீய்ச்சுகிறார்கள். கிராமத்தில் மூங்கில் குழாயில் துணி சுற்றிய குச்சியைச் செருகி பீச்சாங்குழல் செய்திருப்பீர்கள். இவை எல்லாவற்றிலும் ஒரே கணக்குதான். கை அமுக்குகிறவரை தண்ணீர் வரும். கை நின்றால் தண்ணீரும் நிற்கும்.

கை அமுக்கிய பலத்தைச் சேமித்து வைத்து, வேண்டும்போது ஒரே வீச்சில் வெளியே விட முடியுமா? அதைப் பொம்மையில் செய்து காட்டியவர் லானி ஜான்சன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1949-இல் பிறந்த பொறியாளர். நாசாவின் கலிலியோ விண்கலத் திட்டத்தில் வேலை செய்தவர். 1982-இல், குளிரூட்டும் வாயுவுக்குப் பதிலாகத் தண்ணீரை வைத்து இயங்கும் ஹீட் பம்ப் ஒன்றுக்காக வீட்டுக் குளியலறையில் சோதனை செய்துகொண்டிருந்தார். அப்போது அவர் செய்த நாசில் வழியாகத் தண்ணீர் அறையின் குறுக்கே சீறிப் பாய்ந்தது. ஹீட் பம்ப் இருக்கட்டும், இது நல்ல பொம்மை ஆகுமே என்று அவருக்குத் தோன்றியது. 1986-இல் காப்புரிமை கிடைத்தது. அவர் செய்த மாதிரி ஒன்றில் பி.வி.சி. குழாய்களும், தலையில் கவிழ்த்து வைத்த 2 லிட்டர் சோடா பாட்டிலும் இருந்தன. 1990-இல் ‘பவர் டிரெஞ்சர்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1991-இல் ‘சூப்பர் சோக்கர்’ என்று பெயர் மாறியது. இன்று நம் பிள்ளைகள் பம்ப் அடித்து விளையாடுகிற துப்பாக்கிகள் பலவும் அந்த வழியில் வந்தவைதான்.

இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், விண்கலத் திட்டத்தில் வேலை செய்தவர் செய்திருந்தாலும், உள்ளே இருப்பது குழாய், வளையம், வால்வு, ஸ்பிரிங் இவ்வளவுதான். குக்கர் காஸ்கெட்டை மாற்றத் தெரிந்தவர்கள் பயப்பட வேண்டியது எதுவும் இல்லை.

முதலில் எந்த வகை என்று பாருங்கள்

கையால் இயங்குகிற துப்பாக்கிகளில் கடைகளில் அதிகம் பார்ப்பவை மூன்று வகை.

முதல் வகை, ஊசிக்குழல் மாதிரி. பக்கெட்டில் முனையை வைத்து கைப்பிடியை இழுத்தால் தண்ணீர் ஏறும், தள்ளினால் பாயும். ஹோலிக்கு விற்கிற நீளக் குழாய்கள் பெரும்பாலும் இதுதான். உள்ளே ஒரு தண்டு, அதன் நுனியில் ஒரு வளையம். அவ்வளவே.

இரண்டாவது வகை, சின்னத் துப்பாக்கி. ட்ரிகரை ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ஒரு சொட்டுப் பீய்ச்சும். கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே பாட்டிலில் இருக்கும் அதே அமைப்பு. தண்ணீர் உள்ளே வர ஒரு வால்வு, வெளியே போக ஒரு வால்வு.

மூன்றாவது வகைதான் லானி ஜான்சனுடையது. பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றிவிட்டு, பிறகு ட்ரிகரை அழுத்துவது. இதிலும் இரண்டு உட்பிரிவு உண்டு. சிலவற்றில் பம்ப், தண்ணீர் இருக்கிற தொட்டிக்குள்ளேயே காற்றை அடிக்கும். சிலவற்றில் தொட்டி தனி, அழுத்த அறை தனி. தொட்டியிலிருந்து தண்ணீரை எடுத்து, காற்று அடைத்திருக்கும் அந்தச் சின்ன அறைக்குள் பம்ப் தள்ளும்.

தண்ணீரை அமுக்கி அடக்க முடியாது. காற்றைத்தான் அமுக்க முடியும். உதாரணத்துக்கு, அழுத்த அறையில் 300 மில்லி காற்று இருக்கிறது. ஒரு அடிக்கு 15 மில்லி தண்ணீர் என்று பத்து அடி அடித்தால் 150 மில்லி உள்ளே போகும். காற்றுக்கு இடம் பாதியாகிவிட்டது, அழுத்தம் இரண்டு மடங்காகிவிட்டது. ட்ரிகர் திறந்ததும் அந்தக் காற்று பழைய இடத்துக்கு விரியப் பார்க்கும், தண்ணீரை வெளியே தள்ளும். தண்ணீர் போகப் போகக் காற்றின் வேகம் குறையும். ஆகவே முதலில் பலமாகப் பாய்ந்து, கடைசியில் தளர்வது இயல்பு. அதைப் பழுது என்று நினைக்காதீர்கள்.

தொட்டிக்குள்ளேயே காற்றடிக்கிற வகையில், தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றுவதுதான் பிள்ளைகளின் வழக்கம். அப்படிச் செய்தால் காற்றுக்கு இடமே இருக்காது. 50 மில்லி காற்றுதான் இருக்கிறது என்றால், 50 மில்லி தண்ணீர் போனதுமே அழுத்தம் பாதியாகிவிடும். 350 மில்லி காற்று இருந்தால், அதே 50 மில்லி போனாலும் அழுத்தம் எட்டில் ஒரு பங்குதான் குறையும். மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், ஒரு பங்கு காற்று. பிள்ளைகளே, இதை மட்டும் மாற்றிப் பாருங்கள். ‘பவர் இல்லை’ என்ற புகார்களில் சில இதிலேயே தீர்ந்துவிடும்.

கை சொல்லும் குறிப்புகள்

ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் பம்பை நாலு தடவை அடித்துப் பாருங்கள். பழுது எங்கே என்பதைக் கையே சொல்லிவிடும்.

பம்ப் அடித்தால் எதிர்ப்பே தெரியவில்லை, காற்றில் கை வீசுவது போல இருக்கிறதா? முதலில் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, உள்ளே தொங்குகிற உறிஞ்சு குழாய் கழன்று விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால், பம்ப் தண்டின் வளையம் காய்ந்திருக்கும். நீண்ட நாள் சும்மா இருந்த துப்பாக்கியில் இது சாதாரணம். தெருவில் அடிபம்பு இருந்த காலம் நினைவிருக்கிறதா? தண்ணீர் ஏறாவிட்டால் மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போம். அந்த வைத்தியம்தான் இதற்கும். தண்டை முழுக்க இழுத்து, அதன் பக்கத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மெதுவாகப் பத்து தடவை அடியுங்கள். பிடித்துக்கொண்டால், வளையத்துக்கு உயவு தேவை என்று அர்த்தம். பிடிக்கவே இல்லை என்றால் வளையம் தேய்ந்துவிட்டது.

பம்ப் அடித்துவிட்டுக் கையை எடுத்தால், கைப்பிடி தானாகவே பின்னால் வருகிறதா? அழுத்த அறைக்குள் போனது திரும்பி பம்புக்கே வருகிறது. பம்புக்கும் அறைக்கும் நடுவில் இருக்கும் ஒருவழி வால்வு சரியாக மூடவில்லை. மணல், ஹோலிப் பொடி, அல்லது உப்புப் படிவு அங்கே சிக்கியிருக்கும்.

கைப்பிடியை இழுக்கவே கனமாக இருக்கிறதா? தொட்டி உள்ளுக்குள் அமுங்கிக் குழிகிறதா? தொட்டிக்குள் காற்று நுழைய வழியில்லை. தனி அழுத்த அறை உள்ள துப்பாக்கிகளில் தொட்டி மூடியிலோ அதன் பக்கத்திலோ ஒரு சின்ன மூச்சுத் துளை இருக்கும். அது அடைத்திருக்கிறது. மூடியைக் கால் திருகு தளர்த்திப் பாருங்கள். உடனே சரியானால் துளையைச் சுத்தம் செய்தால் போதும். தொட்டி குழியவில்லை, ஆனாலும் இழுக்கக் கனம் என்றால் உறிஞ்சு குழாயின் அடி வடிகட்டி அடைத்திருக்கும்.

அழுத்தம் ஏறுகிறது, நிற்கவில்லையா? எங்கோ கசிகிறது. துணி சோப்பைக் கரைத்து, மூடி ஓரத்திலும் இணைப்புகளிலும் தடவிப் பாருங்கள். கேஸ் சிலிண்டர் மாட்டிவிட்டு சோதிப்பது மாதிரிதான். குமிழி வருகிற இடம் பழுதான இடம். தொட்டிக்குள் காற்றடிக்கிற வகையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மூடியின் வாஷர்.

கை தொடாமலே முனையில் சொட்டுகிறதா? ட்ரிகர் வால்வின் அடைப்பில் அழுக்கு சேர்ந்திருக்கும், அல்லது அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அழுத்தம் இருக்கிறது, ஆனால் தாரை கோணலாக, சிதறலாக வருகிறதா? நாசில் வாயில் அடைப்பு.

ஊசிக்குழல் வகைக்கு ஒரே சோதனை போதும். தண்ணீர் இழுத்து, முனையை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை மெதுவாகத் தள்ளுங்கள். கைப்பிடி நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் தண்ணீர் வளையத்தைத் தாண்டிப் பின்னால் ஒழுகுகிறது.

உப்புக்கு வினிகர், ரப்பருக்கு சிலிகான்

நம் குழாயில் வருவது போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்தது. கீஸரிலும் ஷவர் துளைகளிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புப் படிவுதான் இந்தப் பொம்மைக்குள்ளும் படிகிறது. ஒவ்வொரு முறையும் உள்ளே மிச்சம் இருக்கிற தண்ணீர் காய்ந்து, உப்பை மட்டும் வால்வில் விட்டுவிட்டுப் போகிறது. நாலு வாரம் நன்றாக ஓடிய துப்பாக்கி ஐந்தாவது வாரம் நின்றுபோகிற ரகசியம் பல நேரம் இதுதான்.

வைத்தியம் எளிது. சமையல் வினிகர் ஒரு பங்கு, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு பங்கு கலந்து தொட்டியில் ஊற்றுங்கள். நாலைந்து தடவை அடித்து உள்ளே எல்லா இடத்துக்கும் போகவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு அரை மணி நேரம் வையுங்கள். பிறகு கழிவறையிலோ சிங்க்கிலோ பீய்ச்சித் தீர்த்துவிட்டு, சுத்தமான தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள். வினிகர் இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாற்றை நன்றாக வடிகட்டிப் பயன்படுத்தலாம். சக்கையும் விதையும் போனால் புது அடைப்பு வரும். பாத்ரூம் கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர், கொதிக்கிற தண்ணீர் எதுவும் கூடாது. ஆசிட்டும் பிளீச்சும் ரப்பரைக் கெடுக்கும், மறுநாள் அது ஒரு பிள்ளையின் முகத்தில் பீய்ச்சப்படும் என்பதையும் மறக்காதீர்கள். கொதிநீர் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

நாசில் வாயைக் குத்த ஊசியை எடுக்காதீர்கள். துளை பெரிதானாலும் ஓரம் பிசிறினாலும் தாரை நேராக வராது. ஊறவைத்துவிட்டு, டூத் பிரஷ்ஷின் ஒற்றை நாரால் தள்ளினால் போதும்.

அடுத்தது உயவு. நம் வீட்டில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான் கைக்கு வரும். இதற்கு வேண்டாம். சில வகை ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பி, பிறகு தளர்ந்துவிடும். எண்ணெயில் தூசியும் ஒட்டும். வாசலின், வண்டிக்குப் போடுகிற கிரீஸ், துரு நீக்கும் ஸ்ப்ரே இவையும் அப்படித்தான். தேவையானது சிலிகான் கிரீஸ். பிளம்பிங் சாமான் கடையில் சின்ன டப்பாவில் கிடைக்கும். ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருகிற தம்பியிடம் பெரும்பாலும் இருக்கும், ஃபில்டர் கூட்டின் வளையத்துக்கு அவர் அதைத்தான் தடவுவார். கடுகளவு எடுத்து வளையத்தைச் சுற்றி மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும்.

வளையம் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அதற்குப் பெயர் ஓ-ரிங். பழையதைக் கையோடு ஹார்டுவேர் கடைக்கோ, பம்ப் ரிப்பேர் கடைக்கோ எடுத்துப் போங்கள். உள் விட்டம், தடிமன் இரண்டும் பொருந்த வேண்டும். பழையது நைந்து போயிருந்தால் அதை அளக்காதீர்கள், அது உட்கார்ந்திருந்த பள்ளத்தை அளந்து சொல்லுங்கள். போட்டுப் பார்க்கும்போது தண்டு கொஞ்சம் இறுக்கமாக, ஆனால் ஒரே சீராக நகர வேண்டும். புது ரிங் கிடைக்கும்வரை, திருகு மரை இருக்கிற மூடிகளில் மட்டும் இரண்டு சுற்று டெஃப்லான் டேப் போட்டு ஓட்டலாம். நகர்கிற தண்டில் டேப் சுற்றினால் அது பிய்ந்து போய் வால்வை அடைக்கும்.

திறந்துதான் ஆக வேண்டும் என்றால் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துத் திறங்கள். ஒவ்வொரு படிக்கும் செல்போனில் ஒரு படம் எடுங்கள். ஸ்பிரிங் துள்ளி விழும், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பது படத்தில் இருக்கும். திருகே இல்லாமல் இரண்டு பாதியும் ஒட்டப்பட்டிருந்தால் பிளக்க முயற்சி செய்யாதீர்கள். வெளியிலிருந்து வினிகர், உயவு, மூடி வாஷர் இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தால், கழற்றிய சின்னத் துண்டுகள் தரையில் ஒரு நிமிடம்கூடக் கிடக்கக் கூடாது.

சரி செய்யக் கூடாதவை

இப்போது சிரிப்பை நிறுத்தும் இடம். குக்கரில் ஆவி அடங்கும் முன் மூடியைத் திறப்பீர்களா? அதே விதிதான் இங்கேயும். பம்ப் அடித்த துப்பாக்கியை யாரும் திறக்கக் கூடாது. முனையைக் கீழே காட்டி, காற்றுச் சத்தம் நிற்கும்வரை ட்ரிகரை அழுத்தி, பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். ட்ரிகர் அடைத்திருந்தால், துண்டைச் சுற்றி, முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியை மிக மெதுவாகக் கால் திருகு தளர்த்திச் சீறல் அடங்கும்வரை காத்திருங்கள்.

அழுத்தம் தாங்குகிற தொட்டியிலோ அறையிலோ மயிரிழை விரிசல் தெரிந்தால், அது அன்றோடு முடிந்தது. ஒட்டும் பசை, பி.வி.சி. சிமெண்ட், எம்-சீல் எதுவும் வேண்டாம். பத்து அடிக்குத் தாங்குவது பதினோராவது அடிக்குப் பிளக்கலாம், பிளக்கும்போது அது பிள்ளையின் மார்போடு அணைத்தபடி இருக்கும். பால்கனி வெயிலில் மாதக்கணக்கில் கிடந்து, நிறம் வெளுத்து, தட்டினால் ‘டொக்’கென்று வறட்டுச் சத்தம் வருகிற பிளாஸ்டிக்கையும் நம்பாதீர்கள். அதிலிருந்து நல்ல வளையம், ஸ்பிரிங், மூடி ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொண்டு உடலை மட்டும் உலர் குப்பையில் போடுங்கள்.

கைப் பம்பு மெதுவாக இருக்கிறது என்று சைக்கிள் பம்ப், கார் டயருக்குக் காற்றடிக்கும் கருவி இவற்றை மாட்டுகிற யோசனை பெரிய பையன்களுக்கு வரும். கண்டிப்பாகக் கூடாது. கள்ளழகர் மீது தண்ணீர் பீய்ச்சுவதிலேயே பிரஷர் பம்ப் வேண்டாம், தோல் பை போதும் என்று கட்டுப்பாடு வந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். கிட்டத்தில் இருந்து வேகமாக வருகிற நீர்த்தாரை கண்ணைக் காயப்படுத்தும். முகத்துக்கு நேராக வேண்டாம். வண்டியில் வருகிற டெலிவரி தம்பிகள், செக்யூரிட்டி அண்ணன், நாய், பூனை இவர்கள் மேலும் வேண்டாம். மின் மீட்டர் அறை, லிஃப்ட் பட்டன், ஜெனரேட்டர் பக்கம் போகவே வேண்டாம்.

எந்தக் குழாய்த் தண்ணீர்?

பெற்றோர் கவனிக்க வேண்டியது இது. விளையாடுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் குழாய் தோட்டக் குழாய். அதில் வருவது நம் எஸ்.டி.பி.யில் சுத்திகரித்த கழிவுநீர். செடிக்கும் ஃபிளஷுக்கும் ஏற்றது. வாயிலும் கண்ணிலும் படுகிற விளையாட்டுக்கு ஏற்றதே இல்லை. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரும் வேண்டாம், உப்பு அதில்தான் அதிகம், வால்வு இன்னும் சீக்கிரம் அடைக்கும். வீட்டுக் குழாயிலிருந்து ஒரு பக்கெட் பிடித்துக் கீழே வையுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கெட், அது தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. 15 லிட்டர் பக்கெட் ஒன்றில் ஒரு லிட்டர் துப்பாக்கியைப் பதினைந்து தடவை நிரப்பலாம். ஹோஸை முழுசாகத் திறந்துவிட்டால் அந்த ஒரு பக்கெட் சில நிமிடங்களில் ஓடிவிடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, லாரிக்குக் காத்திருந்த நாட்களை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்காகப் பிள்ளைகளின் விளையாட்டை நிறுத்த வேண்டாம். அளவு தெரிந்து விளையாடக் கற்றுக்கொடுத்தால் போதும்.

விளையாடி முடிந்ததும் ஐந்து நிமிட வேலை. அழுத்தத்தை வெளியேற்றுங்கள். தொட்டியைக் கவிழ்த்துக் காலி செய்யுங்கள். ஒரு டம்ளர் ஆர்.ஓ. குடிநீர் ஊற்றி, நாலு அடி அடித்து வெளியேற்றுங்கள், உப்பு வால்வில் தங்காது. பிறகு வெறுமனே பத்து அடி அடித்து உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீரை விரட்டுங்கள். மூடியைக் கழற்றி, தலைகீழாக, நிழலில் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மூடியை லேசாக மாட்டி அலமாரியில் வையுங்கள். இறுக்கி மூடினால் வாஷர் மாதக்கணக்கில் நசுங்கியபடியே இருந்து அந்த வடிவத்திலேயே நின்றுவிடும்.

தண்ணீரோடு பால்கனி மூலையில் போட்டுவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய தண்ணீர் கொஞ்சம் இருந்தாலே போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான். அதன் முட்டைகள் காய்ந்த சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கவும் செய்யும். திறந்து கிடந்த துப்பாக்கியைத் திரும்ப எடுக்கும்போது, தொட்டியின் உட்புறத்தைப் பாட்டில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

பொம்மை வாங்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. பால்கனிச் செடிகளுக்கு அடிக்கிறீர்களே, ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிரஷர் ஸ்ப்ரேயர், அதன் உள்ளமைப்பும் இதேதான். வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்துவிட்டு அப்படியே வைத்தால் நாசில் அடைக்கும், வளையம் ஊறும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, இங்கே சொன்ன முறையிலேயே காயவையுங்கள். ஆனால் மருந்து அடித்த ஸ்ப்ரேயர் ஒரு நாளும் பிள்ளைகள் கையில் விளையாட்டுச் சாமானாகப் போகக் கூடாது.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால், வாங்கும்போதே இரண்டு விஷயம் பாருங்கள். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அது இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, உடலில் திருகுகள் தெரிகின்றனவா, மூடி வாஷர் கழற்றி மாட்டும்படி இருக்கிறதா என்று பாருங்கள். திறக்க முடிகிற பொம்மைதான் திருத்த முடிகிற பொம்மை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்தில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா வைக்கச் சொல்லியிருக்கிறேன். தூக்கிப் போடுகிற துப்பாக்கி, ஸ்ப்ரேயர், ஆர்.ஓ. கூடு இவற்றிலிருந்து கழற்றிய நல்ல வளையங்களையும் ஸ்பிரிங்குகளையும் அதில் போடுங்கள். மருந்து அடித்த ஸ்ப்ரேயரின் பாகங்களை மட்டும் தனிக் கவரில் ‘செடிக்கு’ என்று எழுதிப் போடுங்கள், அவை பொம்மைக்குப் போகக் கூடாது. சிலிகான் கிரீஸ் ஒரு டப்பா நான் வாங்கி வைக்கிறேன். விடுமுறை ஞாயிறுகளில் காலை பத்து மணிக்கு கிளப் ஹவுஸ் திண்ணையில் இருப்பேன். ஓடாத துப்பாக்கியோடு பிள்ளைகளும் வர வேண்டும். பொம்மையை மட்டும் கொடுத்தனுப்பினால் வாங்க மாட்டேன். ஏனென்றால் வளையத்தை மாற்றப்போவது அவர்கள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டைப் பிடித்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

அடுத்தது சம்ப் சுத்தம், பொருளாளர் காத்திருக்கிறார்.